புதுத் துவக்கில் தோட்டா இறுகினால்

வெலிமடையில் எங்கள் மாமா உருளைக்கிழங்குக் காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு புதிதாக ஒரு 12 போர் (குழாய் அகலத்தின் அளவு) துவக்கு வாங்கினார். முதல் நாளே தோட்டா பாதியில் இறுகிவிட்டது. தட்டி உள்ளே தள்ளப் பார்த்தார், நான் விடவில்லை. தயவுசெய்து நீங்களும் தட்டாதீர்கள்.

துவக்கின் வாயைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, தோட்டாவை வெளியே எடுத்துவிட்டுத் தோட்டா அறையைப் பாருங்கள். துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய கிரீஸ் பசைபோல் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காயவைத்து, எண்ணெயை மெல்லிசாகத் தடவினால் போதும். மாமாவின் துணி கறுப்பாக வந்தது, அப்புறம் தோட்டா வழுக்கிக்கொண்டு இறங்கியது.

அப்படியும் இறுகினால் தோட்டாவைப் பாருங்கள். நம் மலைப்பனிக்குக் காகிதத் தோட்டா ஊதிவிடும். ஊதியதைச் சுடவே கூடாது. மிச்சத்தை இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய பயம். குழாயில் தோட்டா அறையின் நீளம் 70 மில்லிமீட்டர் என்றிருந்தால் 76 மில்லிமீட்டர் தோட்டா போடாதீர்கள். அது உள்ளே போய்விடும். ஆனால் 76 என்பது சுட்டு, தோட்டாவின் மடித்த முனை விரிந்த பிறகான நீளம். விரிய இடமில்லாமல் அழுத்தம் கூடிக் குழாயே வெடிக்கலாம்.