பேங்காக்குக்குப் போகும் முன்: தோட்டத்து இயக்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தில், மூன்று பிள்ளைகள் பேசிப் பழகிக்கொண்டிருந்தார்கள். நிலையான மேம்பாடு பற்றிய வட்டாரக் கூட்டத்துக்காக அடுத்த மாதம் பேங்காக் போகிறார்கள். மூவரும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், நன்றாகவே பேசினார்கள். ஆனால் கேட்கக் கேட்க எனக்கு மனசு கனத்துப் போனது. முதல்முறை போனபோது நான் செய்த தவறுகளையே அவர்களும் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார்கள்.

கடப்பிதழ், உடை, ஆங்கில உச்சரிப்பு பற்றியெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அவற்றில் ஒரு தடவை சறுக்கினால் அடுத்த தடவை தானாகச் சரியாகிவிடும்.

ஊரில் காகிதம் இல்லாமல் கிளம்புவது

இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், தண்ணீர்ப் பிரச்சினை. மழை பெய்த மறுநாள் குழாயைத் திறந்தால் தேத்தண்ணீர் நிறத்தில் வரும். குழந்தைகளுக்குச் சொறி, வயிற்றுப்போக்கு. நாங்கள் சும்மா இருக்கவில்லை. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் பதினோரு தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் முகப்பில் நின்று விளக்கினோம், "சரி, பார்க்கிறோம்" என்றார்கள், திரும்பினோம். அப்புறம் ஒரு வட்டாரக் கூட்டத்தில் பேச வாய்ப்புக் கிடைத்தது. லயத்துப் படங்களோடு போய் இரண்டு நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள்.

கூட்டம் முடிந்ததும் அரசுக் குழுவில் இருந்த ஒருவர் என்னிடம் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "புகார் எண் என்ன?" என்று கேட்டார். என்னிடம் எண் இல்லை. "எந்தத் தேதியில் கடிதம் கொடுத்தீர்கள்?" கடிதமே கொடுக்கவில்லை. பதினோரு தடவை போனோம் என்றேன். அவர் குறித்துக்கொண்டு போய்விட்டார். பிறகு வந்த எழுத்துப்பூர்வமான பதிலில் ஒரே வரிதான் இருந்தது: இந்த விவகாரம் குறித்துப் புகார் எதுவும் பெறப்படவில்லை.

அந்த வரி பொய் இல்லை. அதுதான் என்னை அறுக்கிறது. அதன் பிறகு நாங்கள் எங்கே போனாலும் எங்கள் முன்னால் அந்த வரியைத்தான் எடுத்து வைத்தார்கள். அதை மாற்ற பதினான்கு மாதம் ஆனது. அந்தப் பதினான்கு மாதமும் அந்தப் பிள்ளைகள் அந்தத் தண்ணீரில்தான் குளித்தார்கள்.

போன வாரம் மண்டபத்தில், "தம்பி, ஆதாரம் எங்கே?" என்று கேட்டேன். "எல்லாம் வாட்சாப்ல இருக்கு அக்கா" என்று கைப்பேசியை நீட்டினான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கைப்பேசி தொலைந்தால் என்ன செய்வாய்? அந்தக் குழுவை யாராவது கலைத்துவிட்டால்?

செய்ய வேண்டியது கடினமான வேலை இல்லை. புகாரை மலாயில் கடிதமாக எழுதுங்கள். லயத்து மக்கள் தாங்கள் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று புரிந்துகொள்ள தமிழிலும் ஒன்று வேண்டும். இரண்டு நகல் கொண்டுபோய், ஒன்றைக் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்காமல் முகப்பை விட்டு நகராதீர்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு இரண்டாவது கடிதம் போடுங்கள். எந்தச் சட்டம் என்பதையும் எழுதுங்கள். தோட்ட வீடுகளுக்கு 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் இருக்கிறது. தண்ணீர் கொடுப்பது முதலாளியின் கருணை இல்லை, கடமை என்பதை அந்தச் சட்டம்தான் நமக்குக் கொடுக்கிறது.

லயத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எந்தத் தேதி, எத்தனையாவது வீடு, தண்ணீர் என்ன நிறம், யார் கிளினிக்குப் போனார்கள் என்று ஒருவர் தினமும் எழுத வேண்டும். தண்ணீரைச் சோதிப்பதென்றால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுங்கள். நாமே மினரல் வாட்டர் போத்தலில் பிடித்து வைத்ததை யாரும் ஏற்கமாட்டார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. பக்கத்து லயத்தில் வங்காளதேச, இந்தோனேசிய, நேப்பாளத் தொழிலாளர்கள் இருப்பார்கள். அவர்களும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். அவர்கள் பெயரைக் கடிதத்தில் போட்டால் வேலை அனுமதியே போகலாம். வீட்டு எண்ணை மட்டும் எழுதுங்கள்.

பாராகுவாட் கதையை இந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அந்தக் களைக்கொல்லியைப் படிப்படியாக நிறுத்துவதாக 2002ல் அரசு அறிவித்தது, 2006ல் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை வந்தது. இடைப்பட்ட அத்தனை வருடமும் வாதத்தை உயிரோடு வைத்திருந்ததில் பெண்கள், புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் உரிமைக்காக உழைக்கும் தெனாகானித்தா போன்ற இயக்கங்களுக்குப் பங்கு உண்டு. தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களிடம் போய், அவர்கள் உடம்புக்கு என்ன ஆனது என்று கேட்டு எழுதி வைத்தவர்கள் அவர்கள்.

காகிதத்தின் அருமை நம் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960ல், எங்கள் ஊர்க்காரரான துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் கட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி அந்த ரசீதுகளை பிஸ்கட் டின்னில் போட்டு, சாகும் வரை பத்திரமாக வைத்திருந்தார்.

கூட்டத்தன்று பேசினால் போதும் என்று நினைப்பது

ஆசிய பசிபிக் வட்டாரத்தின் நிலையான மேம்பாட்டுக் கூட்டத்தை ஐ.நா.வின் வட்டாரப் பொருளாதார, சமூக ஆணையமான எஸ்காப் ஆண்டுதோறும் நடத்துகிறது. பெரும்பாலும் பேங்காக்கில், ஆண்டின் முதல் சில மாதங்களில். அங்கே பேசப்படுவது ஜூலையில் நியூயார்க்கில் நடக்கும் உயர்மட்டக் கூட்டத்துக்குப் போகிறது. நீங்கள் ஒலிவாங்கியைப் பிடிக்கும் நேரத்தில் வரைவு வாசகங்களில் பாதிக்குமேல் எழுதி முடிந்திருக்கும். அரசு சாரா இயக்கங்களின் அறிக்கைகளும் முன்கூட்டியே கூடித் தயாரிக்கப்படுபவைதான். இதற்காக 2014ல் இயக்கங்கள் சேர்ந்து ஓர் ஏற்பாட்டை உருவாக்கின. பெண்கள், விவசாயிகள், புலம்பெயர்ந்த தொழிலாளர்கள், இளைஞர்கள் என்று தனித்தனிப் பிரிவுகள் அதில் உண்டு. உங்களுக்குப் பொருந்தும் பிரிவில் சில மாதங்களுக்கு முன்பே சேர்ந்து, உங்கள் இரண்டு வரியை எழுத்தில் அனுப்பிவிடுங்கள். பேசும் வாய்ப்பு கிடைக்காவிட்டாலும் அந்த இரண்டு வரி உள்ளே இருக்கும்.

நம் அரசு தன் முன்னேற்றத்தைத் தானே மதிப்பிட்டு ஐ.நா.வில் வைக்கும் அறிக்கையும் உண்டு. மலேசியா 2017லும் 2021லும் வைத்தது. அது தயாராகும் காலத்தில் உள்நாட்டில் நடக்கும் கலந்துரையாடல்களுக்குப் பஸ் ஏறிப் போய்விட்டு வரலாம். பேங்காக் போவதைவிட அதில் பலன் அதிகம் என்பது என் அனுபவம்.

எல்லாவற்றையும் மூன்று நிமிடத்தில் திணிப்பது

தண்ணீர், வீடு, சம்பளம், தமிழ்ப்பள்ளி, குடியுரிமை. எல்லாமே நியாயமானவை. ஒன்றை எடுங்கள். ஐ.நா.வின் நிலையான மேம்பாட்டு இலக்குகளில் அதற்குரிய எண்ணைப் போடுங்கள்: குடிநீர் என்றால் 6.1, தொழிலாளர் உரிமையும் பாதுகாப்பும் என்றால் 8.8, நச்சு ரசாயனம் என்றால் 12.4. எண் இருந்தால்தான் குறிப்பெடுப்பவர் அதை எந்தப் பத்தியில் சேர்ப்பது என்று தெரிந்துகொள்வார்.

தவறான கதவைத் தட்டுவது

காடும் நிலமும் எரிவதால் எல்லை தாண்டி வரும் புகைமூட்டம் பற்றி ஐ.நா. கூட்டத்தில் பேசலாம், தவறில்லை. ஆனால் அதற்கென்றே ஆசியான் ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. 2002ல் கோலாலம்பூரில் கையெழுத்தானது. பெரும்பகுதி புகை கிளம்பும் இந்தோனேசியா அதை ஏற்க 2014 வரை ஆனது. ஆசியானில் எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நகரும், அடுத்த நாட்டு விஷயத்தில் தலையிடமாட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் குறையும்.

ஆசியான் தலைவர்களிடம் நேரடியாகப் பேசலாம் என்று நம்பிப் போவதும் உண்டு. ஆசியான் மக்கள் கூட்டங்கள் 2005ல் நம் ஷா ஆலாமில்தான் தொடங்கின. 2009ல் தாய்லாந்தில் நடந்த உச்சநிலை மாநாட்டின்போது, இயக்கங்கள் தேர்ந்தெடுத்த பத்துப் பிரதிநிதிகளில் ஐந்து பேரை அவரவர் அரசுகளே ஏற்கவில்லை. ஆகவே சந்திப்பு நடக்கும் என்று நம்பி, கையில் மாற்று ஏற்பாடு இல்லாமல் போகாதீர்கள்.

கேட்காமல் படம் எடுப்பது

கூடாது. குழந்தைகளின் படம் அறவே கூடாது.

திரும்பி வந்து சொல்லாமல் விடுவது

அந்த முதல் பயணத்துக்குப் பிறகு நான் லயத்துக்குப் போக மூன்று வாரம் ஆனது. அறிக்கை எழுதினேன், நிதி கொடுத்தவர்களுக்குக் கணக்கு அனுப்பினேன், லயத்து மக்களிடம் மட்டும் போகவில்லை. போனபோது வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "அங்க சொன்னியாம்மா? என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். நல்ல பதில் எதுவும் இல்லை என்பதை அன்றைக்கே வந்து சொல்லியிருக்கலாம். காத்திருந்தவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருந்தது.

இந்த மூவரும் திரும்பும் வாரத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு, லயத்தில் கூட்டம். தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டு லயத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக் கதவில் ஒட்டிவிட்டுத்தான் பயணச் சீட்டைக் கொடுத்தேன்.