டிஸ்க்கில் இருக்கும் நான்கு எண்களைத் தப்பாகப் படிக்காதீர்கள்

தட்டு போன்ற டிஸ்க்கை எறிந்து தூரத்தில் இருக்கும் கூடையில் சேர்க்கும் டிஸ்க் கோல்ஃப் ஆட ஆரம்பித்த புதிதில் நான் வாங்கிய முதல் டிஸ்க்கில் 12, 5, -1, 3 என்று அச்சிட்டிருந்தது. 12 என்பதைப் பார்த்ததுமே கை அதை எடுத்துவிட்டது. பெரிய எண் என்றால் ரொம்ப தூரம் போகும், அவ்வளவுதான் என் கணக்கு. மைதானத்தில் எறிந்தால் நாற்பது மீட்டர் போவதற்குள் இடப்பக்கம் சரிந்து புல்லில் குத்திக்கொண்டது. பத்துத் தடவை எறிந்தும் அதே கதை. டிஸ்க்கில்தான் ஏதோ கோளாறு என்று பல நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

கோளாறு நான் எண்ணைப் படித்த விதத்தில் இருந்தது. ஸ்பீடு, கிளைடு (காற்றில் மிதந்து போகும் தன்மை), டர்ன் (வேகமாகப் போகையில் ஒரு பக்கம் சாய்வது), ஃபேடு (வேகம் தணிகையில் எதிர்ப்பக்கம் சாய்வது) என்ற இந்த நான்கும் டிஸ்க் தயாரிக்கும் இன்னோவா நிறுவனம் புழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை. முதல் எண்ணான ஸ்பீடு, டிஸ்க் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதைச் சொல்வதில்லை. நீங்கள் எவ்வளவு வேகமாக எறிய வேண்டும் என்று அது உங்களிடம் கேட்கிறது. விளிம்பு அகலமாகவும் கூர்மையாகவும் இருக்க இருக்க இந்த எண் ஏறும். அந்த வேகத்தைக் கொடுத்தால்தான் மற்ற எண்கள் பலிக்கும். கொடுக்காவிட்டால் -1 என்ற டர்ன் கண்ணிலேயே படாது, 3 என்ற ஃபேடு மட்டும் சீக்கிரமே வந்து டிஸ்க்கை இடப்பக்கம் இழுத்துப் போட்டுவிடும். எனக்கு நடந்ததும் அதுதான். 6, 5, -2, 1 என்றிருக்கும் லெப்பர்டு போன்ற ஒரு டிஸ்க்கை அதே கையால் எறிந்தால் இன்னும் நேராக, பெரும்பாலும் இன்னும் தூரமாகப் போகும்.

ஏன் இப்படி என்பது பம்பரம் விட்டவர்களுக்கு எளிதில் பிடிபடும். சுழலும் பம்பரத்தை ஒரு பக்கம் தட்டினால், தட்டிய பக்கம் சாயாமல் அதற்குக் குறுக்கே வேறு பக்கம் தலையாட்டும். டிஸ்க்கும் அப்படித்தான். வலது கையால் பேக்ஹேண்டாக எறிந்தால், மேலிருந்து பார்க்கும்போது அது கடிகார முள்ளின் திசையில் சுழலும். வேகமாகப் போகையில் காற்றின் தூக்குவிசை டிஸ்க்கின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருந்து, மூக்கை, அதாவது முன்விளிம்பை, கீழே அமுக்கப் பார்க்கும். சுழற்சி இருப்பதால் மூக்கு இறங்காமல் டிஸ்க் வலப்பக்கம் சாய்கிறது. அதுதான் டர்ன். வேகம் தணிந்ததும் அந்த விசை நடுவைத் தாண்டி முன்னால் வந்து மூக்கைத் தூக்கப் பார்க்கும். டிஸ்க் இடப்பக்கம் சாய்ந்து இறங்கும். அது ஃபேடு. இடது கைக்காரர்களுக்கும், வலது கையால் ஃபோர்ஹேண்டாக எறிபவர்களுக்கும் இதெல்லாம் தலைகீழ்.

இது புரிந்தால் இன்னொரு தவறும் போய்விடும். டர்னையும் ஃபேடையும் கூட்டி ஒரே எண்ணாக்கிப் பேசுவது பலருக்கு வழக்கம். -2, 2 என்றால் கூட்டுத்தொகை பூஜ்யம். 0, 0 என்றாலும் பூஜ்யம்தான். ஆனால் முதலாவது சரியான வேகத்தில் வலப்பக்கம் போய்த் திரும்பி வளைந்து வரும். 5, 5, 0, 0 என்ற மாக்கோ3 டிஸ்க் நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். இருபுறமும் மரங்கள் நெருங்கிய சந்தில் முதலாவதை எறிந்துவிட்டு எண்ணைத் திட்டிப் பயனில்லை.

காற்று விஷயத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். எதிர்காற்று டிஸ்க்கை வேகமாக எறிந்தது போன்ற நிலைக்குக் கொண்டுபோகும், அதனால் டர்ன் கூடும். டர்ன் -3 உள்ள டிஸ்க்கை எதிர்காற்றில் விட்டால் புரண்டு உருண்டே போகலாம். அங்கே 9, 3, 0, 4 என்ற ஃபயர்பேர்டு மாதிரியானது நிற்கும். பின்காற்றில் நேரெதிர்: டர்ன் குறையும், தூக்கும் குறையும், ஃபேடு முந்திக்கொள்ளும். கிளைடு அதிகமுள்ள டிஸ்க் அமைதியான நாளில் சுகம், காற்று நாளில் தலைவலி. அப்புறம் சிலர் 2016-இல் நெவாடாவில் டேவிட் விகின்ஸ் ஜூனியர் எறிந்த 338 மீட்டர் சாதனையைக் காட்டி டிஸ்க் தேர்ந்தெடுக்கிறார்கள். பின்காற்று வீசும் நேரம் பார்த்து, வறண்டு கிடந்த ஏரிப்படுகையில் எறிந்தது அது. ஞாயிற்றுக்கிழமைக் கைகளுக்கு அது அளவுகோல் ஆகாது.

டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன் மூக்கைப் பாருங்கள். எறியும்போது முன்விளிம்பு மேல்நோக்கி இருந்தால் எந்த டிஸ்க்கும் மேலே ஏறி, வேகம் செத்து, இடப்பக்கம் விழும். பார்ப்பவருக்கு ஃபேடு அதிகமான டிஸ்க் போலவே தெரியும். என் விஷயத்தில் பாதிப் பழி இதற்கும் சேரும். நண்பர் ஒருவர் பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டும்வரை எனக்குத் தெரியவில்லை.

சரி, எண்களையாவது அப்படியே நம்பலாமா? பிடிஜிஏ என்ற சங்கம் டிஸ்க்கின் விட்டம், எடை, விளிம்பு போன்றவற்றைச் சோதித்து அனுமதிக்கிறது. விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராமுக்கு மேல் எடை கூடாது என்பது போன்ற விதிகள் உண்டு. பறக்கும் எண்களை மட்டும் அது தருவதில்லை, தயாரிப்பவர்களே போடுகிறார்கள். ஆகவே ஒரு நிறுவனத்தின் 7-ஐ இன்னொரு நிறுவனத்தின் 7-க்கு நேராக வைத்துப் பார்க்க முடியாது. ஒரே அச்சில் வார்த்த டிஸ்க்குகள்கூடப் பிளாஸ்டிக்கைப் பொறுத்து மாறும். விலை குறைந்த டிஎக்ஸ் பிளாஸ்டிக் மரத்தில் அடிபட்டு அடிபட்டுச் சீக்கிரம் தேய்ந்து, டர்ன் கூடிக்கொண்டே போகும். எடை குறைந்த டிஸ்க்குக்கும் அதே போக்கு உண்டு. தேய்ந்ததைத் தூக்கிப் போட வேண்டாம். ஆண்டுக்கணக்கில் அடிபட்ட டிஸ்க்கைத்தான் பல பழைய ஆட்டக்காரர்கள் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள்.

அந்த 12 இன்னும் என் பையில் இருக்கிறது. கூடை இடப்பக்கம் மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் எடுப்பேன். இப்போதும் நாற்பது மீட்டரிலேயே இடப்பக்கம் சரிகிறது, அங்கே எனக்கு வேண்டியதும் அதுதான்.