நூறு நாள் வேலை செய்தவர்களைக் கிராமசபையில் பாராட்ட

மே 1 கிராமசபைதான் தோதான நாள். நிதியாண்டு மார்ச் 31-ல் முடிந்து கணக்கு கையில் இருக்கும். 2005-ன் ஊரக வேலை உறுதிச் சட்டம் 100 நாள் என்று வைத்தது குடும்பத்துக்கு, ஆளுக்கு அல்ல. இங்கேதான் சறுக்கும்: வேலை அட்டையில் முதலில் உள்ளவரை மேடைக்கு அழைப்பார்கள், மண் சுமந்தது மருமகளாக இருக்கும். வருகைப் பதிவேட்டில் ஆள்வாரியாக நாள்களைக் கூட்டுங்கள்.

சான்றிதழில் 'சிறப்பாகப் பணியாற்றினார்' என்பது எதற்கும் உதவாது. 'ஏரி வரத்துக்கால்வாய் தூர்வாருதல், 62 நாள், பணித்தளப் பொறுப்பாளர், 40 பேருக்கு வருகைப் பதிவு' என்று எழுதினால் அடுத்த வேலைக்குக் காட்டலாம். பெயர் வேலை அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். கையெழுத்து, முத்திரை வாங்கிய பிறகே லேமினேட் செய்யுங்கள்.

நாள்கணக்கை மட்டும் பார்த்தால் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் விடுபடுவார்கள். தண்ணீர் கொடுத்தவரையும், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவரையும் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பொன்னாடைச் செலவு வீண்.