சர்க்கரை நம் பரம்பரையா? மரபணு ஒப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீஷியஸில் தமிழர் வீடுகளில் யாருக்காவது சர்க்கரை வந்தால், "பரம்பரை நோய், என்ன செய்வது" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. பரம்பரைக்குப் பங்கு உண்டுதான். ஆனால் இந்தியரையும் ஐரோப்பியரையும் ஒப்பிடும் மரபணு ஆய்வுகளை இதற்குச் சான்றாகக் காட்டும்போதுதான் தவறு நேர்கிறது.

பெரிய தவறு மரபுவழிப் பங்கைப் பற்றியது. அது 60% என்றால், ஒரு மக்கள் கூட்டத்துக்குள், அவர்கள் வாழும் சூழலில், ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 60% மரபணு வேறுபாட்டால் வருகிறது என்று பொருள். இரு கூட்டங்களின் சராசரிகள் ஏன் வேறுபடுகின்றன என்பதற்கு அந்த எண்ணில் விடை கிடையாது. 1987இல் இத்தீவில் எடுத்த கணக்கெடுப்பில் இந்து, முஸ்லிம், கிரியோல், சீனர் என எல்லாப் பிரிவினரிடமும் சர்க்கரை நோய் சுமார் 10 முதல் 13% வரை இருந்தது. மூதாதையர் வந்த கண்டங்கள் வேறு, நோயின் அளவு ஏறக்குறைய ஒன்று. பிறகு அரசு மலிவு விலைச் சமையல் எண்ணெயில் பாமாயிலுக்குப் பதில் சோயா எண்ணெயைக் கொண்டுவந்தது. 1992க்குள் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7ஆக இறங்கியது. ஐந்தாண்டில் யாருடைய மரபணுவும் மாறியிருக்காது; சூழல் மாறியதில்தான் சராசரி மாறியது. அதற்காக மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று முடிவுகட்டினால், அதுவும் சராசரியை வைத்துச் செய்யும் அதே தவறுதான்.

ஒரு மரபணு மாற்றம் ஐரோப்பியரிடம் 'புள்ளியியல் முக்கியத்துவம்' (தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத நிலை) பெற்று, இந்தியரிடம் பெறாவிட்டால், அதன் விளைவு வேறு என்று எழுதிவிடுகிறார்கள். இந்திய மாதிரி சிறியதாக இருந்தாலே இப்படி நேரும். இரண்டு விளைவுகளின் வித்தியாசத்தை, அதன் திட்டப்பிழையோடு (மதிப்பீடு எவ்வளவு தடுமாறலாம் என்ற அளவு), நேராகச் சோதிக்க வேண்டும்.

விளைவு சமமாகவே இருந்தாலும் பங்கு மாறலாம். ஒரு மாற்றத்தின் அலைவெண் (அந்தக் கூட்டத்தில் அது எவ்வளவு பரவலாக இருக்கிறது என்ற விகிதம், பி) ஓரிடத்தில் 0.4, இன்னோரிடத்தில் 0.1 என்று வைத்துக்கொள்வோம். அது விளக்கும் வேறுபாடு 2பி(1−பி) என்ற அளவைப் பொறுத்தது; இது முறையே 0.48, 0.18. ஒரே விளைவுதான், ஆனால் முதல் கூட்டத்தில் அது விளக்கும் வேறுபாடு இரண்டரை மடங்குக்கும் மேல். அதனால்தான் 2016இல் வந்த 'பாப்கார்ன்' முறை, இரு கூட்டங்களிலும் விளைவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்னும் ஒட்டுறவையும் அலைவெண்ணைச் சேர்த்துக் கணக்கிடும் ஒட்டுறவையும் தனித்தனியே மதிப்பிடுகிறது.

பல மரபணு மாற்றங்களைக் கூட்டி ஒருவரின் நோய் வாய்ப்பையோ உயரத்தையோ கணிக்கும் மதிப்பெண்ணில் இன்னும் எச்சரிக்கை தேவை. 2019 நிலவரப்படி இத்தகைய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் சுமார் 79% ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களை வைத்துச் செய்த மதிப்பெண் மற்றவர்களிடம் துல்லியம் குறைகிறது. கூட்டங்களின் சராசரி மதிப்பெண்களை ஒப்பிடுவது அதைவிட ஆபத்து. வட ஐரோப்பியர், தென் ஐரோப்பியர் உயர வேறுபாட்டை இயற்கைத் தேர்வு உண்டாக்கியதாக முன்பு காட்டிய சான்று, 2019இல் பிரிட்டன் பயோபேங்க் என்னும் பெரிய மரபணு, உடல்நலத் தரவுத்தொகுப்பை வைத்துப் பார்த்தபோது பெரிதும் வலுவிழந்தது. மூல ஆய்வுகளில் வம்சாவளி வேறுபாட்டின் தாக்கம் முழுதாகத் திருத்தப்படாமல் விட்ட சிறு பிழைகள், ஆயிரக்கணக்கான மரபணு மாற்றங்களில் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.