சிறு விமானத்தில் புறப்படுமுன் எரிபொருளைச் சோதிக்கும் முறை

எரிபொருள் அளவுகாட்டியை மட்டும் நம்பாமல், தொட்டியின் மூடியைத் திறந்து அளவுகோலை உள்ளே விட்டு, அது நனைந்த உயரத்தைக் கொண்டு இருப்பைக் கணக்கிடுங்கள். அமெரிக்க விதிகளின்படி, வெளியே பார்த்துப் பறக்கும் விமானத்தில், சேருமிடத்தை அடைந்த பின்னும் பகலில் 30 நிமிடங்களுக்கும் இரவில் 45 நிமிடங்களுக்கும் போதுமான எரிபொருள் மிஞ்ச வேண்டும்.

அடுத்து, தொட்டியின் அடியிலுள்ள வடிகாலிலிருந்து சிறிதளவைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தண்ணீர் கனமானதால் அடியில் தனியே நிற்கும். குவளை முழுவதும் தண்ணீராகவே இருந்தால் பிரிகோடு தெரியாது என்பதால், சிறு விமானங்களுக்கான 100எல்எல் என்ற பெட்ரோலுக்குரிய நீல நிறம் உள்ளதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

பலரும் விட்டுவிடுவது மூன்றாவது சோதனையை. இருக்கைப் பட்டையைப் பூட்டிக்கொண்டு, உடலைத் திருப்பாமல், எந்தத் தொட்டியிலிருந்து இன்ஜினுக்கு எரிபொருள் போக வேண்டும் என்பதை மாற்றும் வால்வைத் திருப்ப முடிகிறதா என்று பாருங்கள். 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் பாடகர் ஜான் டென்வர் ஓட்டிய லாங்-இஸி விமானம் விழுந்தது. அதைக் கட்டியவர் அந்த வால்வின் கைப்பிடியை விமானியின் இடது தோளுக்குப் பின்னால், எந்தக் குறியீடும் இல்லாமல் அமைத்திருந்தார். டென்வர் அதைத் திருப்ப முயன்றபோது கவனம் சிதறி, வலது சுக்கான் மிதியைத் தம்மை அறியாமல் அழுத்தியதால் கட்டுப்பாடு இழந்தார் என்றும், புறப்படுமுன் எரிபொருள் நிரப்பாததும் ஒரு காரணம் என்றும் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. வால்வு இறுகியிருந்தால், என் கருத்தில், அன்று பறக்கவே கூடாது. பராமரிப்புப் பொறியாளர் அதைச் சரிசெய்து கையொப்பமிட்ட பின், ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் இன்ஜினைத் தரையில் ஓட்டிப் பாருங்கள்.