பேர்போன் மினி கணினி: வாங்குவதும் பூட்டுவதும்

‘பேர்போன்’ என விற்கப்படும் மினி கணினியில் பெட்டியுடன் மதர்போர்டு, பிராசசர், மின்விசிறி, அடாப்டர் மட்டுமே பொதுவாக இருக்கும் என்பதால், ராம் (தற்காலிக நினைவகம்), எஸ்எஸ்டி (சேமிப்பகம்), விண்டோஸ் உரிமம் ஆகியவற்றின் விலையையும் கூட்டிப் பார்த்த பிறகே அது மலிவா என்று முடிவு செய்ய வேண்டும். இலவச இயங்குதளமான லினக்ஸ் போதுமென்றால் உரிமச் செலவு மிச்சம்.

ராமில்தான் பலர் தவறுகிறார்கள்: பெரும்பாலும் மடிக்கணினிக்குரிய, அளவில் சிறிய ‘சோடிம்’ வகையே இதில் பொருந்தும், ராமின் இரு தலைமுறைகளான டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டின் வெட்டுப் பள்ளமும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால், ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. நானும் ஒருமுறை மாற்றி வாங்கி விழித்திருக்கிறேன்.

மின்இணைப்பைத் துண்டித்து, அடிமூடியைக் கழற்றி, ராமைச் சாய்வாகச் செருகி, பக்கக் கொக்கிகள் ‘டக்’கென்று பிடிக்கும் வரை அழுத்துங்கள். எம்.2 எஸ்எஸ்டியை (மதர்போர்டில் நேரடியாகச் செருகும் மெல்லிய அட்டை வடிவ எஸ்எஸ்டி) செருகியதும் அதன் மறுமுனை மேலெழும்பி நிற்கும். அதைப் படியவைத்துச் சிறு திருகால் இறுக்கவும். டிடிஆர்5 பொருத்தியிருந்தால் முதல்முறை இயக்கும்போது திரை சில நிமிடங்கள் இருண்டே இருக்கலாம், பதறி அணைத்துவிடாதீர்கள். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) ராம், எஸ்எஸ்டி இரண்டும் தெரிந்ததும், யூஎஸ்பியிலிருந்து இயங்குதளத்தை நிறுவலாம்.