காய்ச்சல் இல்லாமலும் தொற்று வரும்: வீட்டுப் பெரியவர்களைக் கவனிக்கும் முறை

தெர்மாமீட்டர் 98.6 காட்டியதும் "ஒன்றுமில்லை" என்று விட்டுவிடுவதுதான் வயதானவர்கள் விஷயத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. வயது ஏற ஏறத் தொற்றை எதிர்த்துச் சூடேறும் திறன் மந்தமாகிறது. நிமோனியா முற்றியவருக்குக்கூட உடம்பு சுடாமல் இருக்கலாம்.

ஆகவே அவர் நன்றாக இருக்கும்போதே ஐந்தாறு நாள், ஒரே நேரத்தில், நாக்கின் அடியில் வைத்து அளந்து எழுதி வையுங்கள். சூடாகவோ குளிர்ச்சியாகவோ குடித்திருந்தால் அரை மணி நேரம் பொறுங்கள். வழக்கமான அளவைவிட 2 டிகிரி ஃபாரன்ஹீட் கூடினாலோ, ஒரே ஒரு முறை 100-ஐத் தாண்டினாலோ, 99-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தாலோ காய்ச்சல்தான். வழக்கமாக 97 இருப்பவருக்கு 99 சாதாரணம் அல்ல. மூட்டுவலிக்குப் பாராசிட்டமால் சாப்பிடுகிறவருக்கு அது காய்ச்சலை மறைக்கும். அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன் அளந்தால் ஓரளவு உண்மை தெரியும்.

சூட்டைவிட நம்பகமானது மூச்சு. அவருக்குத் தெரியாமல், நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து முழுசாக 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு மூச்சுப் பிசகு நான்காகிவிடும். ஓய்வில் 25-ஐ எட்டினால் நுரையீரல் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போங்கள். பல்ஸ் ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி) வைக்கும்முன் விரலைத் தேய்த்துச் சூடாக்குங்கள், நகப்பூச்சை அழியுங்கள், எண் நிலைக்கும்வரை காத்திருங்கள். சில்லிட்ட விரல் பொய் சொல்லும்.

நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று பொத்தானை மாற்றிப் போடுகிறார், பேச்சின் நடுவே தூங்கிவிடுகிறார், தட்டைத் தள்ளிவைக்கிறார், காரணமில்லாமல் விழுகிறார் என்றால் "வயசாகிவிட்டது" என்று சொல்லாதீர்கள். மறதிநோய் மாதக்கணக்கில் வளரும். ஓரிரு நாளில் வரும் குழப்பத்துக்குப் பின்னால் தொற்றோ, நீர்ச்சத்துக் குறைவோ, புது மாத்திரையோ இருக்கலாம்.

சிறுநீர் விஷயத்தில் எதிர்த்தவறு நடக்கிறது. வயதான பலருக்கு எந்தத் தொல்லையும் தராமலே சிறுநீரில் பாக்டீரியா இருக்கும். எரிச்சல், அடிவயிற்று வலி, காய்ச்சல் எதுவுமில்லாமல் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பரிசோதனைத் தாளை மட்டும் நம்பி ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் மிஞ்சுவது வயிற்றுப்போக்கும் மருந்துக்கு மசியாத கிருமியும்தான்.

மூச்சுத்திணறல், உதடு நீலமாதல், எழுப்பினாலும் சரியாக விழிக்காமை, அரை நாளாகச் சிறுநீர் போகாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அவசரப் பிரிவு. மாத்திரைப் பட்டியலையும் எழுதிவைத்த அளவுகளையும் கையோடு எடுத்துப்போங்கள், "வழக்கமாக எப்படி இருப்பார்?" என்பதுதான் அங்கே முதலில் வரும் கேள்வி.